பிள்ளை பார்க்கும் ஆயாவின் கணக்கு

பள்ளிபாளையத்துத் தறிக்காரர் வீதிகளிலும் சேலத்து ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் விடிவதற்கு முன்பே ஒரு காட்சியைக் காணலாம். முதல் ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் தூக்கம் கலையாத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு குறிப்பிட்ட வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளே ஒரு ஆயா இருப்பாள். குழந்தையை வாங்கிக்கொள்வாள். உத்தரத்தில் இரண்டு தூளி தொங்கும். பாயில் நான்கு பிள்ளைகள் கிடக்கும். மாலை ஆறு மணி வரை அந்த ஓட்டு வீடுதான் அவர்களுக்குப் பள்ளி, ஆஸ்பத்திரி, சத்திரம் எல்லாம்.

அப்படிப்பட்ட ஒரு ஆயா நமது தோழர் ஒருவரிடம் கேட்டாள்: "மில்காரர் மோட்டாருக்குப் பெட்ரோல் போட்டால் அதைச் செலவு என்று எழுதி வரியில் கழித்துக்கொள்கிறாராமே, நான் இந்தப் பிள்ளைகளுக்குப் பால் வாங்குகிறேன். எனக்கு எதிலே கழிப்பார்கள்?"

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் நாம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பொருளாதாரம் படித்த பண்டிதர்கள் கேட்கத் தவறிய கேள்வி இது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-வது பிரிவு, ஒரு தொழிலை நடத்துவதற்காகவே முழுக்க முழுக்கச் செய்யப்பட்ட செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றது. சொந்தச் செலவைக் கழிக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொன்னது. 2026 ஏப்ரலிலிருந்து என்று நாள் குறித்து 2025-இல் நிறைவேற்றிய புதிய சட்டமும் இந்த நெறியை மாற்றவில்லை. இதன்படி ஊரார் பிள்ளையைக் கூலிக்குப் பார்ப்பதும் ஒரு தொழிலே. அந்தப் பிள்ளைகளுக்கு வாங்கும் பால், பிஸ்கட், சோப்பு, பினாயில், பாய், விளையாட்டுச் சாமான், உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் எல்லாம் தொழில் செலவு. வீட்டு வாடகையிலும் மின்சாரக் கட்டணத்திலும் தொழிலுக்குப் பயன்படும் பங்கு தொழில் செலவு. ஆயாவின் சொந்தப் பேரன் குடிக்கும் பால் சொந்தச் செலவு. அதைக் கலந்து எழுதக்கூடாது. விஷயம் இவ்வளவுதான்.

மேல்நாடுகளில் இது நடைமுறையிலேயே இருக்கிறது. பிரிட்டனில் சொந்த வீட்டில் பிறர் குழந்தைகளைப் பார்க்கும் பெண்கள் அரசாங்கத்தில் பதிவு செய்துகொண்டு, சுயதொழில் செய்பவர்களாக ஆண்டுதோறும் வரிக் கணக்குக் கொடுக்கிறார்கள். குழந்தைகளின் சாப்பாடும் விளையாட்டுப் பொருள்களும் இன்ஷூரன்சும் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் செலவில் ஒரு பங்கும் அதில் கழிகின்றன. அமெரிக்காவிலோ அந்த வீட்டின் எத்தனை சதுர அடி, ஆண்டில் எத்தனை மணி நேரம் குழந்தைகளுக்காகப் பயன்பட்டது என்று கணக்குப் போட்டு, அந்த விகிதத்தில் வாடகையையும் மின்சாரத்தையும் கழிக்க வரிச் சட்டமே வழி செய்திருக்கிறது. அந்த நாடுகளில் ஏழைகளின் ராஜ்யம் நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. பிள்ளை வளர்ப்பது உழைப்பு, அதற்குச் செலவு உண்டு என்பதைக் காகிதத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதையே சொல்கிறோம்.

நமது ஆயாவுக்கு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பிள்ளைகள், தலைக்கு மாதம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 7,200. பாலுக்கு 1,500, பிஸ்கட் பழத்துக்கு 600, காஸ் சிலிண்டரில் பங்கு 400, சோப்பும் பினாயிலும் 250, மின்சாரத்தில் பங்கு 200, வாடகையில் பங்கு 800. ஆகச் செலவு 3,750. கையில் நிற்பது 3,450 ரூபாய். மாதம் 26 நாள், நாளைக்கு 12 மணி நேரம் என்றால் 312 மணி. மணிக்குப் பதினொரு ரூபாய்! ஒரு டீயின் விலைக்கு ஒரு மணி நேரம் ஆறு உயிர்களைக் காவல் காக்கிறாள். தொகைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் செலவைக் கழித்துப் பார்க்காதவரையில் அவள் 7,200 ரூபாய் சம்பாதிப்பதாகத்தான் ஊரும் நினைக்கும், அவளும் நினைப்பாள்.

இந்த வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது உண்மையே. 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையின் கீழ் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரைக்கும் வரி இல்லாதபடி செய்தார்கள். நடுத்தர வர்க்கத்துக்குப் பெரும் சலுகை என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆயாவுக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

அப்படியானால் அவள் வரியே கட்டுவதில்லையா? கட்டுகிறாள். கடைக்குப் போகும்போதெல்லாம் கட்டுகிறாள். 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. வரியில் குளிக்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 100-க்கு 18 போட்டார்கள். குழந்தையின் பால் புட்டிக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் 12 வரைக்கும் வசூலித்தார்கள். எட்டு ஆண்டுகள் இப்படிப் பிழிந்துவிட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றை 5 ஆக இறக்கி அதைத் தீபாவளிப் பரிசு என்றார்கள். தூளிக்கு மேலே சுற்றும் மின்விசிறிக்கு 18 அப்படியே நின்றது.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஆலை முதலாளியும் இயந்திரத்துக்கும் பஞ்சுக்கும் இதே ஜி.எஸ்.டி. கட்டுகிறார். ஆனால் கட்டியதைத் தன் நூல் விற்பனை வரியில் கழித்துக்கொள்கிறார். அந்த நூல் துணியாகிக் கடைக்கு வரும்போது மொத்த வரியும் வாங்குபவன் தலையில் விடிகிறது. ஆயாவின் வரவு 20 லட்சத்தை எட்டப்போவதில்லை; ஆகவே அவள் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவள் அல்ல. ஆகவே அவள் கட்டியது கட்டியதுதான். தொழிலுக்காகவே வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் அவள் கடைசி நுகர்வோர். முதலாளிக்கு வரி ஒரு வாசல் வழியாக வந்து மறு வாசல் வழியாகப் போய்விடுகிறது. ஏழையின் வீட்டுக்கு ஒரே வாசல்தான்.

முதலாளியின் கழிவுப் பட்டியலைப் படித்தால் தலை சுற்றும். கம்பெனி பெயரில் வாங்கிய மோட்டார், அதன் பெட்ரோல், டிரைவர் சம்பளம், தங்கும் ஹோட்டல், வக்கீல் பீஸ் எல்லாம் தொழில் செலவு. அந்த மோட்டார் ஆண்டுக்கு 100-க்கு 15 வீதம் தேய்ந்து போவதாக எழுதி அதையும் கழிக்கலாம். ஆயாவின் காஸ் அடுப்பு தேய்வதில்லையா? அவள் இடுப்பு தேய்வதில்லையா? இவ்வளவும் போதாதென்று 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கம்பெனிகளின் அடிப்படை வரியை 30-லிருந்து 22-ஆகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் இதனால் போகும் என்று நிதி மந்திரியே அன்று அறிவித்தார். பால்வாடிக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்கள் இந்தத் தொகையை மறந்துவிடுகிறார்கள்.

சரி, பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயின் நிலை என்ன? ஆயாவுக்குக் கொடுக்கும் 1,200 ரூபாய் இல்லாமல் அவள் தறிப்பட்டறை வாசலை மிதிக்க முடியாது. வாஸ்தவத்தில் இது அவள் சம்பாதிப்பதற்கான செலவு. ஆனால் சட்டம் இதைச் 'சொந்தச் செலவு' என்கிறது. இதே விவகாரம் கனடாவில் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. எலிசபெத் சைம்ஸ் என்ற பெண் வக்கீல், தன் குழந்தைகளைப் பார்த்த பெண்ணுக்குக் கொடுத்த சம்பளத்தைத் தொழில் செலவாகக் கழிக்கவேண்டும் என்று வழக்காடினார். 1993 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் முடியாது என்றார்கள்; அந்த ஏழு பேரும் ஆண்கள். கழிக்கலாம் என்ற இரண்டு பேரும் பெண்கள். வக்கீலம்மாவின் வழக்கு நமது வழக்கு அல்ல என்று தள்ளிவிட முடியாது. எது தொழில் செலவு, எது சொந்தச் செலவு என்று கோடு கிழிப்பது யார் என்பதை அந்தத் தீர்ப்பு பட்டவர்த்தனமாகக் காட்டிவிட்டது.

நமது நாட்டில் இந்தச் செலவு முதலாளியுடையது என்று சட்டம் சொன்ன காலமும் உண்டு. 1948 பாக்டரிச் சட்டத்தின் 48-வது பிரிவு, பெண் தொழிலாளர் அதிகமுள்ள ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்றது. இலவசப் பால் கொடுக்கும்படி விதி செய்யவும் அதில் இடமிருந்தது. முதலில் 50 பெண்கள் என்றிருந்ததை 1976-இல் 30 என்று இறக்கினார்கள். ஏற்காடு காப்பித் தோட்டங்களைப் போன்ற இடங்களுக்கு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது. 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் எந்த ஸ்தாபனமும் காப்பகம் வைக்கவேண்டும், தாய் நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்க விடவேண்டும் என்றார்கள். 2020-இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21-இல் அமுலுக்குக் கொண்டுவந்த தொழிலாளர் தொகுப்புகளும் 50 பேர் என்றே எண்ணிக்கை வைத்திருக்கின்றன. ஆண்களையும் சேர்த்து எண்ணும் 50 என்பதால் பெரிய ஆலைகளில் இது விரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் 35 பெண்களை மட்டும் வைத்து நடத்தும் சிறிய கம்பெனி தப்பிக்கொண்டது.

இந்த எண்ணிக்கைகள் எதுவும் குமாரபாளையத்து, இளம்பிள்ளைத் தறிப்பட்டறைக்குள் நுழைவதில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஏது காப்பகம்? ஒரே கூரையின் கீழுள்ள தறிகளை மனைவி பெயரில் பாதி, மச்சான் பெயரில் பாதி என்று பிரித்து எழுதும் வித்தை நமது ஜில்லாக்களில் யாருக்குத்தான் தெரியாது? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலிருந்தபடி வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் பெண்ணுக்கு முதலாளி யார் என்றே காகிதத்தில் இருக்காது.

பெரிய பஞ்சாலைகளோ வேறு வழி கண்டுபிடித்தன. கோவையிலிருந்து நாமக்கல், திண்டுக்கல் வரை 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் கல்யாணமாகாத பெண் பிள்ளைகளை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்து விடுதியில் அடைத்தார்கள். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். இந்த ஏற்பாட்டில் பஞ்சப்படி இல்லை, சங்கம் இல்லை, கைக்குழந்தையும் இல்லை. காப்பகம் வைக்கும் கடமையிலிருந்து தப்ப, தாயாகாத பெண்ணாகப் பார்த்து வேலைக்கு எடுப்பதைவிடச் சுலபமான வழி வேறு என்ன?

விவசாயத் தொழிலாளர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2005 நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில், வேலைத் தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், பெண்களில் ஒருத்தியை அவர்களைப் பார்க்க அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. மண் வெட்டுவதும் பிள்ளை பார்ப்பதும் ஒரே கூலிக்குரிய வேலை! ராசிபுரம் பக்கம் கடலைக் காட்டில் களை எடுக்கும் பெண்ணும், ஆத்தூர் சேகோ ஆலையில் குச்சிக்கிழங்குத் தோல் சீவும் பெண்ணும் பிள்ளையை மரத்தடியில் போட்டுவிட்டு வேலை செய்கிறார்கள். அங்கே எந்த மிராசுதாரரும் இப்படி ஒருத்தியை அமர்த்தியது கிடையாது. 2025 டிசம்பரில் நூறு நாள் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். மற்றச் சேதங்களைப் பற்றி நாம் தனியே எழுதவேண்டியிருக்கிறது. பிள்ளை பார்ப்பவளின் கூலி உரிமையை இழக்கக்கூடாது என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

1919-இல் லெனின், குழந்தைக் காப்பகங்களையும் பொது உணவுக்கூடங்களையும் கம்யூனிசத்தின் இளந்தளிர்கள் என்று குறிப்பிட்டு எழுதினார். உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் வாட்டிய ரஷ்யாவில் எழுதியது அது. இங்கே 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. ஆனால் அங்கன்வாடி மாலையில் கதவைச் சாத்திவிடும். ஆலையின் இரண்டாவது ஷிப்டு அப்போதுதான் சூடு பிடிக்கும். அந்தக் கதவு சாத்தும் நேரத்துக்கும் ஷிப்டு விடும் நேரத்துக்கும் இடையிலுள்ள இருட்டில்தான் நமது ஆயா வேலை செய்கிறாள். அங்கன்வாடி ஊழியருக்கே சர்க்கார் 'சம்பளம்' என்று எழுதுவதில்லை, 'மதிப்பூதியம்' என்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்லவேண்டியிருந்தது.

நமது கோரிக்கைகள் கூலிக்காரப் பெண்களின் வாழ்க்கையிலிருந்து பிறந்தவை. தறிகள் அடர்ந்த ஒவ்வொரு ஊரிலும் ஷிப்டு நேரத்துக்குத் திறந்திருக்கும் சர்க்கார் காப்பகம் வேண்டும். தனித்தனிப் பட்டறைக்கு எண்ணிக்கை பார்க்காமல், எல்லாப் பட்டறைக்காரர்களிடமும் தறிக்கு இவ்வளவு என்று வசூலித்து அதை நடத்தலாம். அந்தத் தொகையை அவர்கள் தொழில் செலவென்று கழித்துக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை. இன்று வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்களையே அங்கே மாதச் சம்பளத்தில் அமர்த்தவேண்டும். அதுவரை அவர்களை அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் தொழிலின் பெயரைச் சொல்லியே பதிவு செய்யவேண்டும்.

ஆயாவிடமும் ஒன்று சொல்கிறோம். வரி இல்லையே என்று கணக்கு எழுதாமல் இருக்கவேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. பால் பில்லையும் மின்சார ரசீதையும் ஓர் உறையில் போட்டு வைக்கவேண்டும். பாங்கிக் கடன் கேட்டுப் போனால் தொழிலுக்கு அத்தாட்சி என்ன என்பார்கள். அந்த நோட்டைக் காட்டலாம். கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் இருக்க அது ஒரு துணை. தாய்மார்களோடு உட்கார்ந்து கூலி பேசவும் அதுவே ஆதாரம். அவர்களும் பரம ஏழைகள், தலைக்கு நூறு ரூபாய் கூட்டினால்கூடத் தாங்கமாட்டார்கள். கூட்ட வேண்டியது தாயின் கூலியைத்தான் என்பது அப்போது இரண்டு பேருக்குமே விளங்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்களுக்கு நோட்டு எழுதிக் கொடுப்பதை ஆலைச் சங்கக் கிளைகளும் விசைத்தறித் தொழிலாளர் கிளைகளும் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளவேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். ஆறு மாதத்து நோட்டுகள் சேர்ந்ததும் அவற்றைத் தொழிலாளர் துறை அதிகாரியின் மேஜையில் வைத்து, மணிக்குப் பதினொரு ரூபாய் எந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்போம்.