ஓரிக்கையில் மாருதிக்கு "குதிரை" ஏற்றும் ஆசை! ஹெட்டை சீவினால் வேகம் வருமா?

"அண்ணே, வண்டி மேடு ஏற மாட்டேங்குது. ஹெட்டை சீவி விடுங்க. நாலு குதிரை கூட வரட்டும்!"

பழைய மாருதி 800 காரை வாங்கிய வாலிபர்கள் மெக்கானிக்கிடம் கேட்கிற வரம் இதுதான். காஞ்சீபுரம் ஓரிக்கையும் இதற்கு விலக்கு அல்ல. அரசு பஸ் பணிமனை இருக்கிற ஊர். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. ஆனால் வாலிபர்கள் அவர்களைக் கேட்பது இல்லை. செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்கிறார்கள்.

மாருதி 800 ஜப்பான் நாட்டு சுசுகி கம்பெனியின் பிள்ளை. 1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் காரின் சாவியை பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2014-ல் உற்பத்தி நின்றது. ஆகவே, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டி விட்டது. 3 சிலிண்டர், 796 சி.சி., கார்பரேட்டர் வண்டிக்கு சுமார் 37 குதிரைசக்தி. அவ்வளவுதான்!

ஒரே ஒரு குதிரை!

சிலிண்டருக்குள் இழுத்த பெட்ரோல் காற்றை பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறதோ அதுதான் கம்ப்ரஷன். 800-ன் பழைய எஞ்சினில் இது ஏறக்குறைய 8.7 மடங்கு. ஹெட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சீவினால் 9.7 ஆக்கலாம்.

பலன் என்ன? கணக்குப் போட்டால் நூற்றுக்கு மூன்று பங்கு சக்தி கூடும். 37 குதிரை 38 ஆகும். ஒரே ஒரு குதிரைக்கு இத்தனை கூத்து!

அதோடு போச்சா? ஹெட் தாழ்ந்தால் வால்வு பிஸ்டனை நெருங்கும். டைமிங் பெல்ட் கணக்கு பிசகும். வெயிலில் நாலு பேரை ஏற்றி மேடு ஏறும்போது "கிளுக் கிளுக்" என்று எஞ்சின் தட்டும். தட்டத் தட்ட பிஸ்டன் ஓட்டை, கேஸ்கட் காலி. இப்போது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வருகிறது. அது தட்டுவதைக் குறைக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதைத் தாங்குமா? பாவை அளவுக்கு மீறி இழுத்தால் இழை என்ன ஆகும் என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

சிலர் இன்னும் ஒரு படி மேலே. ஜென் காரின் 993 சி.சி. எஞ்சினையே 800-க்குள் இறக்கப் பார்க்கிறார்கள். இதில் சக்தி நிஜமாகவே கூடும். பிரேக்? அது பழைய பிரேக்தான். உத்திரமேரூர் ரோட்டில் பாலாற்றுப் பாலம் இறங்கி வரும்போது எதிரே பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வந்தால் வண்டியை நிறுத்துவது அந்தச் சின்னச் சக்கரங்கள்தான்.

வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்! விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது ஆர்.சி. புத்தகத்தைத்தான். எஞ்சின் நம்பர் ஒத்துப் போகாவிட்டால் நஷ்ட ஈடு இழுபறிதான். சேலை மூட்டையை ஏற்றிக் கடைக்குப் போய் வருவது அந்த ஒரே வண்டிதான் என்றால், வீட்டில் உலை வைப்பது எப்படி?

ஆனால் ஒன்று. கலர் லைட்டையும் சைலன்சரையும் பிடிக்கிற அதிகாரிகளின் கண்ணுக்கு சீவின ஹெட் தெரியாது. பட்டறைக்காரர்தான் "முடியாது தம்பி" என்று சொல்ல வேண்டும்.

ரிங்கைப் பாருங்க!

வேடிக்கை என்னவென்றால், இந்த வண்டிகள் பலவற்றில் கம்பெனி கொடுத்த 37 குதிரையே இப்போது இல்லை! ரிங் தேய்ந்து, வால்வு கசிந்து, பாதி ஓடிப் போயிருக்கும். ஓடிப் போன குதிரையைப் பிடித்துக் கட்டினாலே வண்டி புதுசு போல இழுக்கும்.

அதற்கு ஒரு கம்ப்ரஷன் கேஜ் போதும். பிளக்கைக் கழற்றி, மூன்று சிலிண்டரையும் அளக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால், அந்த ஓட்டையில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கலாம். முள் ஏறினால் ரிங் போயிற்று. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ரிங்கை மாற்றலாம், வால்வைத் தேய்த்து உட்கார வைக்கலாம். இரண்டுக்கும் சட்டத்தில் தடை இல்லை.

பந்தய ஆசை விடவில்லையா? இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் அதற்கென்றே தனி டிராக் இருக்கிறது. ஓரிக்கையிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. அங்கே ஹெல்மெட் கொடுத்து, எதிரே யாரும் வராத ரோட்டில் ஓட்ட விடுவார்கள்.