கீழிறங்கி ஆடுவது ஓய்வூதியம் அல்ல

கால்பந்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் எப்போதும் ஒரு மருந்துச் சீட்டு தயாராக இருக்கிறது. தாக்குதல் நடுகள ஆட்டக்காரர் ஒருவருக்கு முப்பது வயது கடந்துவிட்டதா, கால்களில் வேகம் குறைந்துவிட்டதா, உடனே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்: தற்காப்பு வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள், பார்வை இருக்கிறது, பாஸ் இருக்கிறது, பிர்லோவைப் போல இன்னும் சில ஆண்டுகள் ஓட்டிவிடுவார். கவிதை வற்றிப்போனவர் உரை எழுதப் போகலாம் என்று சொல்வதற்கு நிகரான பேச்சு இது. உரை எழுதுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்.

இதற்கு எதிரணியும் உண்டு. 2016 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஜோசே மொரீன்யோ, தன் முதல் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே வெய்ன் ரூனியைத் தற்காப்பு நடுகளத்தில் ஒருபோதும் ஆடவைக்கப் போவதில்லை என்று அறிவித்தார். ரூனியின் பாஸ் அற்புதமானதுதான், ஆனால் நெருக்கடி இல்லாத இடத்தில் நின்றால் தன்னுடைய பாஸ்கூட அற்புதமாகத்தான் இருக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பலரும் சிரித்தனர். கிண்டல் நன்றாகவே இருந்தது. அதையே ஒரு பொது விதியாக்கி, கோல் மீது கண் வைத்து வளர்ந்தவன் ஒருநாளும் பின்னால் இறங்கித் தேறமாட்டான் என்று இன்றுவரை ஓதிக்கொண்டிருப்பவர்களைத்தான் நம்மால் சகிக்க முடியவில்லை.

இரு சாராரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான் என்பது நமது கட்சி. இருவரும் ஆட்டக்காரரின் காலை மட்டுமே பார்க்கிறார்கள். அவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள், யார் அவருக்காக ஓடுகிறார்கள், அவரிடம் பந்து எந்தத் திசையிலிருந்து வந்து சேர்கிறது என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

முதலில் பிர்லோ விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். ஆந்த்ரேயா பிர்லோ பின்னால் இறங்கியபோது அவருக்கு வயது முப்பது அல்ல, இருபத்தொன்று. 1979இல் பிறந்தவர், ப்ரெஷியா அணியிலும் பின்னர் இன்டர் மிலானிலும் பத்தாம் எண்ணுக்குரிய இடத்தில் ஆட வளர்க்கப்பட்டவர். இன்டரில் உட்கார வைக்கப்பட்டு வாடிக்கொண்டிருந்தவர், 2001 ஜனவரியில் கடனாகப் ப்ரெஷியாவுக்கே திரும்பி வருகிறார். அங்கே அவருடைய இடத்தில் ரொபர்த்தோ பாஜ்ஜோ இருக்கிறார். பாஜ்ஜோவை நகர்த்துவதா? பயிற்சியாளர் கார்லோ மட்சோனே பிர்லோவை நகர்த்தினார், தற்காப்பு வரிசைக்கு முன்னால். 2001 ஏப்ரல் 1 அன்று டூரினில் யுவென்டஸுக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில், நடுகளத்திலிருந்து பிர்லோ உயரத் தூக்கிப் போட்ட பந்தைப் பாஜ்ஜோ ஒரே தொடுகையில் அடக்கி, அதே அசைவில் கோல்கீப்பரைக் கடந்து வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 1-1. அந்த கோலைப் பார்த்தவர்கள் பாஜ்ஜோவின் பாதத்தையே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்து புறப்பட்ட இடத்தையும் கொஞ்சம் நினைவில் வைக்கலாம். வேகம் குன்றிய ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மூலையன்று அது. ஓர் இளைஞனின் தொழில் தொடங்கிய இடம்.

இத்தாலியர்கள் அந்த இடத்தில் ஆடுபவரை 'ரெஜிஸ்தா' என்பார்கள். திரைப்பட இயக்குநருக்கும் அதே சொல்தான். நடிப்பு வராதவரெல்லாம் இயக்கப் போகலாம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை போலும்.

அந்த இடத்தின் கஷ்டம் பாஸில் இல்லை. பத்தாம் எண் ஆட்டக்காரர் எதிரணியின் நடுகளத்துக்கும் தற்காப்புக்கும் இடையிலுள்ள சந்தில் நிற்கிறார். ஐந்து பந்துகளில் மூன்றை அவர் இழந்தாலும், நான்காவது பந்து கோலாகிவிட்டால் அவர் மேதை. இழந்த மூன்றையும் மீட்க அவருக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். கீழே இறங்கியவருக்குப் பின்னால் இரண்டு தற்காப்பாளர்களும் ஒரு கோல்கீப்பரும் மட்டுமே. அவர் இழக்கும் ஒரே ஒரு பந்து ஆட்டத்தையே முடித்துவிடக்கூடும். அது மட்டுமல்ல, பந்தை நோக்கிப் பாய்வதே தன் இயல்பாக வளர்ந்த ஒருவர், பாயாமல் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்டம் இடப்பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒன்றும் நடவாத வெற்றிடத்தைக் காத்து நிற்பது எத்தனை பெரிய ஒழுக்கம் என்பதைத் தொலைக்காட்சிக் காமிரா காட்டுவதேயில்லை.

2022 ஆகஸ்ட் 13, ப்ரென்ட்ஃபோர்ட் மைதானம். மான்செஸ்டர் யுனைடெட்டின் புதிய பயிற்சியாளர் எரிக் டென் ஹாக், டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சனை நடுகளத்தின் ஆகக் கீழான இடத்தில் நிறுத்தினார். டாட்டன்ஹாமில் பத்தாம் எண்ணுக்குரிய இடத்தில் ஒளிர்ந்தவர் எரிக்சன். கோல்கீப்பர் டி கேயா பந்தைக் குட்டையாக அவருக்குத் தள்ளுகிறார். எரிக்சனின் முகம் தன் சொந்த கோலை நோக்கி இருக்கிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து மத்தியாஸ் யென்சன் பாய்ந்து பந்தைப் பறித்து கோல் அடிக்கிறார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ப்ரென்ட்ஃபோர்ட் 4-0. மறுநாள் தீர்ப்புகள் வந்து குவிந்தன: எரிக்சனால் அங்கே ஆட முடியாது, அவ்வளவுதான்.

ஒன்பது நாள் கழித்து அதே எரிக்சன் லிவர்பூலுக்கு எதிராக நடுகளத்தில் இறங்கினார். இம்முறை பக்கத்தில் ஸ்காட் மக்டோமினே நின்றார். பந்தை மறித்து வாங்கும் வேலையில் பாதி அவர் தலையில். டி கேயா அந்த ஆபத்தான குட்டைப் பாஸ்களைத் தவிர்த்துப் பந்தை நீளமாக உதைத்தார். யுனைடெட் 2-1 என வென்றது. ஒன்பது நாளில் ஒரு மனிதர் புதிய கலையைக் கற்றுவிட்டாரா என்ன?

அந்த நாட்களில்தான் யுனைடெட் ரியால் மாட்ரிடிலிருந்து காசெமிரோவை வாங்கியது. மாட்ரிடில் அவர் செய்துகொண்டிருந்த வேலை நமது வாதத்துக்கு வேண்டியிருக்கிறது. டோனி க்ரூஸ், லூகா மோட்ரிச் இருவருமே தாக்குதல் நடுகளத்தில் பெயர் வாங்கிப் பின் கீழிறங்கியவர்கள். பயர்னில் 2012-13 பருவத்தில் காயம்படும்வரை க்ரூஸ் முன்கள வீரருக்குப் பின்னால்தான் ஆடிக்கொண்டிருந்தார். 2015 நவம்பரில் பார்சிலோனா மாட்ரிடுக்கே வந்து 4-0 என்று மாட்ரிடைக் கிழித்த அன்று, க்ரூஸும் மோட்ரிச்சும் களத்தில் இருந்தார்கள்; காசெமிரோ இல்லை. 2016 ஜனவரியில் பொறுப்பேற்ற ஜிதான் காசெமிரோவை இருவருக்கும் நடுவே அஸ்திவாரமாக ஊன்றினார். 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். பத்தாம் எண்ணின் சுகதுக்கங்களை முழுதுமாக அறிந்த ஜிதானுக்குத்தான், இந்த இரண்டு பேரை நம்பவேண்டுமானால் மூன்றாவது ஒருவர் வேறு மாதிரியானவராக இருக்கவேண்டும் என்பது உறைத்திருக்கிறது.

பயிற்சியாளர்கள் மாறுவதைப் பற்றிப் பேசும்போது கார்லோ அஞ்செலோத்தியை விட்டுவிட முடியாது. பார்மா அணியில் அவர் 4-4-2 என்ற சட்டகத்தைப் பிடித்த பிடியில் நின்றார். அதில் இடமில்லாத ஜியான்ஃபிராங்கோ ஜோலா ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, 1996 நவம்பரில் செல்சிக்குப் போனார். 1997இல் பாஜ்ஜோவே வருவதாக இருந்தது. அவர் கேட்ட இடத்தைக் கொடுக்க மனமின்றி அஞ்செலோத்தி வேண்டாமென்றார். பின்னாளில் அதற்காக வருந்தியதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த மனிதர்தான் 2001 நவம்பரில் ஏ.சி. மிலானுக்கு வந்து பிர்லோவைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். அந்த இடத்தில் தன்னால் ஆட முடியும் என்று முதலில் சொன்னது பிர்லோதான் என்றும், தனக்குச் சந்தேகம் இருந்தது என்றும் அஞ்செலோத்தி நினைவுகூர்ந்திருக்கிறார். நிறுத்தியதோடு அவர் விட்டுவிடவில்லை. ஒரு பக்கம் கத்தூஸோ, மறு பக்கம் செடோர்ஃப், முன்னால் ரூய் கோஸ்தா. கத்தூஸோ ஓடிய ஓட்டத்தில் பாதி பிர்லோவின் கணக்கில் எழுதவேண்டியது. 2003இல் சாம்பியன்ஸ் லீக், 2007இல் மீண்டும் ஒன்று. நடுவே 2006இல் அதே கத்தூஸோவின் துணையோடு உலகக் கோப்பையும் வந்தது.

'2010இல் என்ன ஆயிற்று?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அவ்வாண்டு மார்ச்சில் ஓல்ட் டிராஃபோர்டில் அலெக்ஸ் ஃபெர்குசன், பார்க் ஜி-சுங்கை ஏவி, பிர்லோவின் நிழலாக ஒட்டவைத்தார். பிர்லோ முழு ஆட்டத்திலும் மூச்சுவிட முடியாமல் தவித்தார். மிலான் 4-0 என்று தோற்றது. பார்க்கே ஒரு கோல் அடித்தார். இந்த வகை ஆட்டக்காரரைக் கட்டிப்போட முடியும் என்பதை நாம் மறுக்கவில்லை. அவரை அடைத்துவிட்டால் திறக்க வேறு வாசல் இருக்கிறதா என்பதே கேள்வி. அன்று மிலானுக்கு இருக்கவில்லை.

மறு ஆண்டு, 2011இல், மிலான் அவரை இலவசமாகவே போகவிட்டது. முப்பத்திரண்டு வயது, கதை முடிந்தது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் ஏழாம் இடத்தில் முடித்திருந்த யுவென்டஸ் அவரை எடுத்துக்கொண்டது. அந்தோனியோ கொந்தே அவருக்கு இரு பக்கமும் விதாலையும் மார்க்கீஸியோவையும் ஓடவிட்டார். எதிரணி பிர்லோ மீது ஒருவரை ஒட்டவைத்தால், பின்னாலிருந்து பொனூச்சி நீண்ட பாஸ்களைத் தொடங்கினார். வாசல் இரண்டாகிவிட்டது. 2011-12 லீக் பருவத்தில் 38 ஆட்டங்களில் ஒன்றில்கூட யுவென்டஸ் தோற்கவில்லை. இரண்டாமிடத்தில் வந்தது மிலான். (வயிற்றெரிச்சல் என்றால் இதுதான்.)

ரூனி விஷயத்தில் மொரீன்யோ சொன்னது சரி என்றே நாமும் கருதுகிறோம். வான் ஹாலின் யுனைடெட்டிலும் 2016 யூரோவில் ஹாட்ஜ்சனின் இங்கிலாந்திலும் ரூனியை நடுகளத்தில் இறக்கிப் பார்த்தார்கள். ஐஸ்லாந்திடம் 2-1 என்று தோற்ற அன்று அவர் காலில் பட்ட பந்தெல்லாம் வழிதவறியது. ஆனால் அங்கே நடந்தது என்ன? முன்னால் இளைஞர்களுக்கு இடம்விட வேண்டும், தலைவரை வெளியில் உட்கார வைக்கவும் துணிவில்லை, ஆகவே நடுகளம். ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறந்த மாற்றமல்ல அது. கௌரவமாக ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு. ஓய்வூதியம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஸ்டீவன் ஜெரார்டின் கதை வேறு. ஃபெர்னாண்டோ டோரஸுக்குப் பின்னால் நின்று எதிரணிகளைக் கலங்கடித்தவரை, 2013-14 பருவத்தின் நடுவில் பிரெண்டன் ரோட்ஜர்ஸ் தற்காப்புக்கு முன்னால் இறக்கினார். வயது 33. லிவர்பூல் அந்தப் பருவத்தில் 101 கோல்கள் அடித்தது. ஜெரார்டின் நீண்ட பாஸ்களில் ஏறி ஸ்டர்ரிட்ஜும் ஸ்டெர்லிங்கும் சுவாரெஸும் பறந்தார்கள். அவருக்காக ஓடியவர் ஜோர்டன் ஹெண்டர்சன். 2014 ஏப்ரல் 13 அன்று மான்செஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்தில் ஹெண்டர்சன் சிவப்பு அட்டை வாங்கி மூன்று ஆட்டங்களுக்குத் தடைபட்டார். ஏப்ரல் 27 அன்று செல்சி வந்தது. பயிற்சியாளர் அதே மொரீன்யோ. இடைவேளைக்குச் சற்று முன் ஜெரார்டின் கால் வழுக்கியது, டெம்பா பா பந்தை எடுத்துக்கொண்டு ஓடி கோல் அடித்தார். இரண்டாம் பாதி முழுவதும் ஜெரார்ட், காக்கவேண்டிய இடத்தை மறந்து, தொலைவிலிருந்து திரும்பத் திரும்ப கோலை நோக்கி உதைத்துக்கொண்டிருந்தார். பழைய ரத்தம். 2-0.

லீக் பட்டம் பெறாமலே 2015இல் லிவர்பூலைவிட்டுப் போன அம்மனிதரை அந்த ஒரு வழுக்கல் இன்றும் துரத்துகிறது. எதிரணி ரசிகர்கள் அதைப் பாட்டாகவே கட்டிப் பாடினார்கள். தாக்குதல் ஆட்டக்காரர் கீழிறங்கினால் இதுதான் கதி என்று சொல்ல விரும்பும் எவருக்கும் அது முதல் சாட்சியாகிவிட்டது. அந்தப் பருவத்தில் லிவர்பூல் வாங்கிய கோல்கள் ஐம்பது என்பதை இந்தச் சாட்சியக்காரர்கள் சொல்வதில்லை. செல்சி ஆட்டத்துக்கு எட்டு நாள் கழித்து, 2014 மே 5 அன்று, கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் 79ஆவது நிமிடம்வரை லிவர்பூல் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்தபோது 3-3. அந்த ஆட்டத்தில் ஒருவரும் வழுக்கி விழவில்லை.