நீரினடியில் ஓர் ஊர்

பிறந்த ஊருக்கு நெடுநாட் கழித்து மீளுவோர், வீடு இடிந்தது, வேலி மாறிற்று, அயலார் மறைந்தனர் என வருந்துதல் உலகியற்கை. கண்டியினின்றும் மகியங்கனை செல்லும் வழியிலிருந்த பழைய தெல்தெனியா மாந்தர்க்கு அவ்வருத்தமும் எளிதிற் கிட்டுவதன்று. அவர்தம் ஊர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது.

மகாவலி கங்கையை மறித்து 122 மீற்றர் உயரத்தில் எழுந்த அவ்வணை, 1985 ஏப்பிரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தாட்சர் முன்னிலையில் திறக்கப்பெற்றது. நாட்டுக்கு 210 மெகாவாற்று மின்வலு கிடைத்தது, அதனை இகழோம். ஊரவரிற் சிலர் அயலிலேயே மேட்டுநிலத்திற் குடியேறினர். வேறு சிலர், மலைக்குளிர் பழகிய உடலோடு, வறண்ட வலயத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர்.

கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால் பழைய சுவர்கள் சேற்றினின்று தலைகாட்டும். காணக் கூட்டம் திரளும். அவருள் முன்னாட் குடிகள் யாவர், வேடிக்கை பார்க்க வந்தோர் யாவர் எனப் பிரித்தறிதல் அரிதன்று. முன்னவர் நிலத்தை நோக்கி அடியெண்ணி நடப்பர்.

இழப்பீடு நிலத்துக்கும் கூரைக்கும் அளக்கப்பட்டது. எச்சுவர் எவர் கடையினது, எப்படிக்கட்டு எவ்வீட்டு வாயிலுக்கு ஏறியது என்பவற்றை எழுதிவைத்தலும் அரசின் கடனன்றோ? 1985இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அடுத்து நீர் வற்றும்போது அவர்களைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று, வீட்டுக்கு வீடு பெயர் குறித்த வரைபடமொன்றைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்குதல் வேண்டும். நில அளவையிற் கைதேர்ந்தோர் எம் பழைய மாணவருள்ளும் உளர், அவர் முன்வருவாராக. மழை தொடங்கினால் அச்சுவர்கள் மீண்டும் மூழ்கிவிடும்.