தலைக்கட்டுக் கணக்கில் அத்தை எங்கே?

(இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியது)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரவேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் கூறியபோது, 'மாணவரும் ஒழுக்கமும்' என்பது போன்ற தலைப்பு ஒன்றில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிய நாள் முதல் என் நெஞ்சில் வேறொன்று உறுத்திக் கொண்டிருக்கிறது. அது வீட்டுச் செய்திதான். எனினும் வீட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. பேராசிரியப் பெருமக்களும் உடன் பயிலும் நண்பர்களும் பொறுமையோடு படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கிளாவரை. கொடைக்கானலில் பேருந்து ஏறினால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் கடந்து, இனிமேல் போக வழியில்லை என்று பேருந்து திரும்பும் இடம் எதுவோ அதுதான் எங்கள் ஊர். மலைச்சரிவில் படிப்படியாய் வெட்டிய வயல்கள். அவற்றில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும். அதற்கு மேலே காடு. காட்டுக்கு அப்பால் கேரளம்.

எங்கள் பெரியப்பா மகன் திருப்பூரில் இருக்கிறார். சென்ற ஆண்டு அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. சிதறிக் கிடக்கும் குடும்பத்தார் எல்லாரும், அப்பத்தாவில் தொடங்கி அண்மையில் பிறந்த குழந்தை வரை, ஓரிடத்தில் கூட வேண்டும்; கூடி மூன்று நாள் தங்க வேண்டும்; அதற்குக் 'குடும்பச் சங்கமம்' என்று பெயர் வைக்க வேண்டும் என்பதே அது. நல்ல எண்ணம்தான். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். மே மாதம், கொடைக்கானல் நகரில் ஒரு காட்டேஜ், இரவில் தீ மூட்டிப் பாட்டு, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் குடும்பப் பெயர் அச்சிட்ட பனியன் என்று திட்டம் நாளுக்கு நாள் வளர்ந்தது. (பனியனைப் பொறுத்தவரை திருப்பூர்க்காரர்களை யாரும் தடுக்க முடியாது!) தலைக்கட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் என்று தொகையும் முடிவாயிற்று. பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வரலாறு படிக்கிறவள், கையெழுத்தும் பரவாயில்லை என்பதால் இருக்கலாம்.

பட்டியலுக்கு ஆதாரமாகப் பெரியப்பா எடுத்துக் கொடுத்தது எங்கள் சாமி கும்பிடும் வரி நோட்டு. தாத்தாவும் அவர் தம்பிமார் இருவரும், அவர்களுடைய ஆண்மக்களும் பேரன்மாருமாகப் பதினொரு தலைக்கட்டு. மனைவி மக்களையும் சேர்த்து எண்ணினேன், நாற்பத்தொரு பேர். எழுதி முடித்து அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். அப்பத்தாவுக்கு வயது எண்பத்து நான்கு என்று ஆதார் அட்டை கூறுகிறது. அப்பத்தா அதை ஒப்புக்கொள்வதில்லை. காது மட்டும் நன்றாகவே கேட்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"கோவிலூர்க்காரி பேரு எங்க?"

கோவிலூர்க்காரி என்பது அப்பத்தாவின் மூத்த மகள். என் பெரிய அத்தை. வட்டவடைப் பக்கம் கோவிலூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் பெயர் பட்டியலில் இல்லை. இன்னும் இரண்டு அத்தைமார் பெயரும் இல்லை. சின்னத் தாத்தா வீட்டுப் பெண்கள் பெயரும் இல்லை. நோட்டில் இல்லாததால் என் பட்டியலிலும் இல்லை. எழுதிய எனக்கும் அது தோன்றவே இல்லை. இதுதான் என்னை உறுத்துவது.

பெரியப்பாவைக் கேட்டேன். அவர் சினந்து பேசவில்லை. எனக்கு விளக்கவே செய்தார். "கட்டிக் குடுத்தாச்சும்மா. அவ அந்த வீட்டுத் தலைக்கட்டு. அங்க வரி கட்டுறா. இங்கயும் எழுதினா ரெண்டு பக்கமும் வரியாயிரும்" என்றார். அவர் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. தலைக்கட்டு என்பது வரிக்காக ஏற்பட்ட கணக்கு. ஒருவரை இரண்டு இடத்தில் எண்ணக்கூடாது என்பது அதன் விதி. நம் நாட்டில் இது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமன்று. செட்டிநாட்டு நகரத்தார் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தவர்கள். திருமணம் ஆனதும் தம்பதியரை ஒரு புள்ளியாகக் கணவனுடைய கோயிலில் பதிந்துகொள்வார்கள். பெண் பிறந்த கோயிலிலிருந்து புகுந்த கோயிலுக்கு மாறிவிடுவாள். கணக்கு என்ற அளவில் இது ஒழுங்கானதே.

ஆனால் நாம் வரி வாங்குவதற்கா கூடுகிறோம்? உறவைக் கொண்டாடக் கூடுவதாகச் சொல்லிக்கொண்டு, வரிக்கென்று ஏற்பட்ட நோட்டைக் கையில் எடுத்தால், பாதி உறவு தானாகவே கழிந்துவிடுகிறது. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோட்டே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் 1989-இல் செய்த சட்டத் திருத்தம், அதன் பிறகு மணமாகும் மகளுக்கும் மூதாதையர் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைத் தந்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் மகள்கள் எல்லாருக்கும் அந்த உரிமை வந்தது. சொத்துப் பத்திரத்தில் வந்துவிட்ட பெண்ணுக்கு விருந்துப் பட்டியலில் இடமில்லை என்பது வேடிக்கையன்றோ? இன்னும் சில ஆண்டுகளில் என் பெயரும் அந்த நோட்டிலிருந்து விலகும். அப்போது பட்டியல் எழுதுகிற பெண்ணுக்கும் என் நினைவு வராமல் போகலாம்.

கோவிலூரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எங்கள் ஊரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தால் கோவிலூர் அரைப்பொழுதில் வந்துவிடும். பெண் கொடுத்ததும் எடுத்ததும், பூண்டு மூட்டை சுமந்து போனதும் அந்தப் பாதையில்தான். பெரிய அத்தையின் திருமணம் நடந்தது 1980-இல். மணப்பெண் புதுச்சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே போனாளாம். அப்பத்தா இன்றும் சொல்லிச் சிரிப்பார். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு சேர்ந்தது. வட்டவடையும் கோவிலூரும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவை. ஆக, எல்லை என்னவோ அன்றே உறுதியாகிவிட்டது. ஆனால் கால்களுக்கு அது தெரியவில்லை. கால்களுக்குத் தெரிந்தது பிறகுதான். பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் சென்ற பழைய கொடைக்கானல் - மூணாறு சாலை 1990-இல் மூடப்பட்டது. அந்தப் பக்கம் 2003-இல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவும், 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயமும் வந்தன. இந்தப் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்தது. இன்று அனுமதியின்றிக் காட்டில் நடப்பது குற்றம்.

காட்டைத் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. காட்டெருமைக்கும் யானைக்கும் இருக்க இடம் வேண்டும். சோலை அழிந்தால் எங்கள் ஓடையில் நீர் இராது. 2024 செப்டம்பரில் ஊருக்கு வரும் தண்ணீர் நின்றுபோய், ஏன் என்று பார்க்கப் போனவர்கள் காட்டுக்குள் நிலம் நெடுந்தூரம் பிளந்து கிடப்பதைக் கண்டார்கள். செய்தித்தாள்களில் எங்கள் ஊர்ப் பெயர் வந்த நாள் அது. மலையை மனிதன் சற்று விட்டுவைப்பதே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் சொல்ல வருவது வேறு. பாதை மூடிய பின், கோவிலூருக்குச் சாலை வழியே போவதென்றால் கொடைக்கானல் இறங்கி, வத்தலக்குண்டு, தேனி, போடி என்று சுற்றி, மறுபடி மூணாறு ஏறி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தாத்தா இறந்த 1996-இல் செய்தி சொல்லப் போன ஆள் விடியலில் புறப்பட்டு, இருட்டுவதற்குள் அத்தையையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். 2022-இல் சித்தப்பா இறந்தபோது செய்தி கைபேசியில் ஒரு நொடியில் போயிற்று. அத்தை வந்து சேர்ந்தது மறுநாள் பிற்பகல். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. தம்பி முகத்தை அவர் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் அமர்ந்து அவர் அழுததை நான் பார்த்தேன்; பார்த்த நானே, மூன்றாண்டு கழித்துப் பட்டியல் எழுதும்போது அவரை மறந்தேன்.

ஆகவே, கூடுவது என்றால் முதலில் யாருக்கு வருவது கடினமோ அவரை வைத்துத்தான் நாளும் இடமும் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. இளைஞர்களுக்கு எந்த நாளும் ஒன்றுதான்.

இடத்தைப் பற்றி எனக்கு வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தது. கொடைக்கானல் நகரம் கூடுவதற்கென்றே பிறந்த ஊர் என்பது உண்மை. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளிக் காய்ச்சலுக்கு அஞ்சி அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கோடைதோறும் பல ஊர்களிலிருந்தும் அவர்கள் குடும்பங்கள் மேலே வந்து கூடின. அவர்களுக்கு மலை விருந்துக்கு வரும் இடம். நமக்கு மலை வீடு. சொந்த வீட்டைத் தாண்டிப் போய் வாடகை அறையில் அப்பத்தாவை உட்கார வைப்பதா என்று கேட்டேன். அதிலும் மே மாதம் என்றால் சொல்லவே வேண்டாம். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு. வாகன வரிசையில் அரை நாள் போகும்; அறை வாடகை ஆகாயத்தில் நிற்கும்.

அப்போது அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கு வாயடைத்துவிட்டது. "காட்டேஜ்ல வச்சா நானும் ஒரு நாள் எல நுனியில உக்காந்து சாப்புடுவேன். ஊருல வச்சா அறுபது பேருக்கு அடுப்புல நிக்கிறது யாரு? நீயா?" என்றார். ஊர்ப்பற்று பேசுகிற நம்மைப் போன்றோர் அடுப்பங்கரையை எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய அத்தை வருவார் என்பதில் மகிழ்ந்தேனே ஒழிய, வந்தவுடன் அவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு காய் நறுக்கத்தான் அமர்வார் என்பதை நான் நினைக்கவில்லை. எனவே என் திட்டத்தை மாற்றினேன். காட்டேஜுக்கு என்று வசூலிக்கும் பணத்தில் பாதி போதும். பூண்டியிலிருந்து சமையலுக்கு ஆள் வைக்க வேண்டும், பாத்திரம் கழுவவும் ஆள் வைக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் தண்ணீரும் விறகும் பார்த்துக்கொள்ளட்டும். பனியன் பணத்தில் கம்பளி வாங்கட்டும். சின்னத் தாத்தாவுக்கு இதய நோய். அரசு மருத்துவமனை கொடைக்கானலில் இருக்கிறது; நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இரவும் பகலும் ஒரு வண்டி வாசலில் நிற்க வேண்டும். குந்தி உட்கார முடியாத முதியவர்களுக்காக நாற்காலி போன்ற கழிப்பிடம் ஒன்றை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். இதையெல்லாம் ஆண்டு மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் முதியவர்கள் விழாக்களுக்கு வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

நாளுக்கு வருகிறேன். ஐப்பசி கார்த்திகையில் மழை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் சாலையை என்ன பாடு படுத்தியது என்பதை நேரில் கண்டவள் நான். பங்குனியில் தேர்வுகள். நான் கேட்பது பொங்கல். தை மாதம் எங்கள் பக்கம் காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாய்க் கிடக்கும். குழந்தைகளுக்குக் குளிர்தான், மறுக்கவில்லை. ஆனால் திருப்பூரில் கம்பெனிகள் விடுமுறை விடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். தமிழர் மிகுந்த மாவட்டம் என்பதால் இடுக்கியிலும் பொங்கலுக்கு விடுமுறை உண்டு. இன்னொன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் நோட்டில் இல்லாத மகள்களைப் பிறந்த வீடு நினைத்துச் சீர் அனுப்புவது அந்த ஒரு நாளில்தான். அரிசியும் வெல்லமும் கரும்பும் கோவிலூர் போய்ச் சேர்வதற்குப் பதில், இந்த ஓராண்டு அத்தை இங்கு வரட்டுமே!

இந்தப் பக்கம் விளைவது கொடைக்கானல் மலைப்பூண்டு. அந்தப் பக்கம் விளைவது காந்தளூர் - வட்டவடைப் பூண்டு. இரண்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அப்பத்தா நம்பவில்லை. "இங்கன வெதப்பூண்டு அங்க போச்சு, அங்கன வெத இங்க வந்துச்சு. அதுக்கு எதுக்குடி ரெண்டு பேரு?" என்றார். எனக்கு மறுமொழி தெரியவில்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டு, அப்பத்தா வாயால் சொல்லச் சொல்லப் புதிய பட்டியல் எழுதினேன். அவர் தலைக்கட்டு எண்ணவில்லை, பிரசவங்களை எண்ணினார். தாம் பெற்றவர்கள், அவர்கள் பெற்றவர்கள், கொழுந்தன் வீடுகளில் பிறந்தவர்கள் என்று இரண்டு மாலைகள் ஆயின. அறுபத்தெட்டுப் பேர். முன்பு எழுதியதைவிட இருபத்தேழு பேர் மிகுதி. பெரியப்பா பட்டியலைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் இன்னும் சொல்லவில்லை. குழுவில் அண்ணன் மட்டும், பனியன் அளவு அறுபத்தெட்டுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று காலை, அப்பத்தா திண்ணையில் அமர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். படுக்கைக்கு இடம் ஒதுக்கி எழுதியிருந்ததை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கோவிலூர் என்று வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அவள அடுப்பு ஓரமாப் போடு. அவளுக்குக் குளிர் ஆகாது" என்றார்.

அப்படியே எழுதி வைத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.