இல்லறச் சிந்தனை: காரணம் தெரியாத காயம்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து திரும்புகையில், நம் அன்பர் ஒருவர் தம் மனச்சுமையை என்னிடம் இறக்கி வைத்தார். அவருடைய அன்னையார் கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், வயது 82. விடுமுறையில் காணச் சென்றவர், அம்மாவின் காதோரம் கன்றி நீலம் பாய்ந்திருக்கக் கண்டார். "எப்படியம்மா நேர்ந்தது?" என்றார். அம்மாவுக்கு நினைவில்லை. பணிப்பெண்ணோ, "வயதானால் இப்படித்தான் ஐயா" என்றாள். மறுநாள் ரயிலேற வேண்டியவர் பேசாமல் திரும்பிவிட்டார். இப்போது இரவில் உறக்கமில்லை.

நேயர்களே, அவர் கேட்டிருக்கத்தான் வேண்டும். கேட்பது வேறு, குற்றம் சாட்டுவது வேறு.

முதுமையில் தோல் மெலிகிறது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போருக்குச் சிறிது இடித்தாலும் கன்றும். ஆயினும் காயம் இருக்கும் இடத்தையும் நோக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றில், 65 வயதைக் கடந்த 101 பேரை நாள்தோறும் கவனித்தனர். தற்செயலாகத் தோன்றிய கன்றல்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கை கால்களிலேயே இருந்தன. காதிலும் கழுத்திலும் ஒன்றேனும் இல்லை. காதில் கன்றியிருப்பதாலேயே ஒருவர் அடித்தார் என்று ஆகிவிடாது. விசாரிக்க வேண்டும் என்பதே பொருள்.

அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் பராமரிப்பு இல்லங்களுக்கு இதற்கென விதியே உண்டு. எவரும் நேரில் காணாத, முதியவராலும் விளக்க இயலாத காயம், அதன் அளவாலோ இடத்தாலோ எண்ணிக்கையாலோ ஐயம் தருமாயின், அதை மறைக்கலாகாது. கொடுமைப்படுத்தல் தொடர்பானதாயினும் கடுங்காயமாயினும் 2 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள்ளும் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். விசாரணை முடிவை 5 வேலை நாட்களுக்குள் தருதல் வேண்டும். அதுவரை முதியவருக்கு மேலும் தீங்கு நேராமல் காப்பதும் இல்லத்தின் கடமை.

தொலைவில் வாழும் நாம் செய்யக்கூடியது என்ன? காயத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். நிறத்தைக் கொண்டு அது எத்தனை நாளானது என்று முடிவு கட்டாதீர்கள், நிறம் ஏமாற்றும். மருத்துவரிடம் காட்டுங்கள். முந்திய நாட்களில் யார் யார் பணியில் இருந்தனர், குளியலறைக்கு அழைத்துச் சென்றவர் யார், என்னென்ன மருந்து கொடுத்தனர் என்று எழுத்தில் கேளுங்கள். அம்மாவிடம் தனிமையில், அவசரமின்றிப் பேசுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் விசாரியுங்கள். பதில் கிடைக்காவிடில், மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் உதவி எண் இருக்கிறது.

கேட்டால் அம்மாவின் மேல் கோபத்தைக் காட்டுவார்களோ என்று அந்த அன்பர் அஞ்சினார். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால், பிள்ளை கவனிக்கிறான் என்று இல்லம் அறிந்திருப்பதும் ஒரு காவலே. நேர்மையான விசாரணை, குற்றமற்ற பணிப்பெண்ணையும் வீண்பழியிலிருந்து காக்கும்.

அன்பர் இப்போது கடிதம் எழுதியிருக்கிறார். அதில் வசைச்சொல் ஒன்றுமில்லை. ஆறு கேள்விகள் மட்டுமே இருக்கின்றன.