குறை இரத்தத்தில் இல்லை

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி மயங்கி விழுகிறாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, வேப்பமர நிழலில் உட்கார வைக்கிறார்கள். "காலையில் சாப்பிட்டாயா?" என்பது முதல் கேள்வி. "வாரா வாரம் தருகிற நீல மாத்திரையை விழுங்குகிறாயா, தூக்கிப் போடுகிறாயா?" என்பது அடுத்த கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'இரத்தசோகை' என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். பிள்ளை காலனியைச் சேர்ந்தவள் என்றால் இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: "இவங்க உடம்பு வாகே அப்படித்தான்."

அந்தக் கடைசிப் பேச்சுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். பதில் நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம்தான். பெண்களுக்கு இதைவிடவும் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கிறது. மூச்சில் வரும் ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்வது அந்த இரும்புதான். எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைப் புதிதாக உண்டாக்குகிறது. அதற்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆனால் உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே.

மீதி எங்கிருந்து வருகிறது? நைந்த சேலையைத் தொட்டிலாக்கி, தொட்டில் கிழிந்தால் கரித்துணியாக்கும் நம் தாய்மார்களின் சிக்கனம்தான் உடலுக்கும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உழைக்கிறது. மூப்படைந்ததும் மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பிரித்து, உள்ளிருக்கும் இரும்பை எடுத்து மீண்டும் மஜ்ஜைக்கு அனுப்புகின்றன.

மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடலுக்குத் தனி வழி கிடையாது. ஆகவே உள்ளே வரும்போதே அளந்துதான் விடுகிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சுரப்புநீர்தான் இதற்குக் காவல். கையிருப்பு போதுமானால் ஹெப்சிடின் கூடும். குடலின் கதவு அடைபடும். கையிருப்பு குறைந்தால் ஹெப்சிடின் குறையும், கதவு திறக்கும். இந்த ஏற்பாட்டில் ஊர், சேரி என்ற பிரிவு இல்லை. எல்லார் உடலுக்கும் ஒரே கணக்குதான்.

அப்படியானால் கணக்கு எங்கே உதைக்கிறது?

முதலாவது, காலடியில். கொக்கிப்புழு மலம் கலந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கிறது. கழிப்பறை இல்லாத தெருவும் செருப்பில்லாத காலும் அதற்கு வாசல். ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று நம் மக்களுக்கு விதித்த கட்டுப்பாட்டை நாம் மானப் பிரச்சினையாகவே பேசி வந்தோம். அது இரத்தப் பிரச்சினையும்தான்.

இரண்டாவது, தண்ணீரில். நோய்த்தொற்று வந்தால் ஹெப்சிடின் உயர்கிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்காதபடி உடல் தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது. அடிக்கடி காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று கிடக்கும் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தாலும் அதிலுள்ள இரும்பு முழுதாக ஏறாது. சாக்கடையோரம் குடிநீர்க் குழாயைப் பதித்துவிட்டு, மாத்திரை விழுங்கவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வது என்ன நியாயம்?

மூன்றாவது, தட்டில். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ள இரும்பு குடலில் எளிதாக ஏறும். ஈரல், சுவரொட்டி, இரத்தப் பொரியல், மாட்டுக்கறி ஆகியவை நம் வீடுகளில் மலிவாகக் கிடைத்த இரும்பு. அவற்றைத்தான் இழிவு என்றார்கள். 1948இல் வெளிவந்த தமது நூலில் அண்ணல் அம்பேத்கர், மாட்டிறைச்சி உண்டதைத் தீண்டாமையின் வேர்களில் ஒன்றாகக் காட்டினார். இன்றும் நம் பிள்ளைகள் பள்ளியில் அந்த டிபன் பாக்ஸைத் திறக்கக் கூசுகிறார்கள். இதோடு, வீட்டில் கடைசியாக உண்பவள் பெண். மாதவிடாயில் மாதந்தோறும் இரும்பை இழப்பவளும் அவளே.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல். நாட்டளவில் பட்டியல் சாதிப் பெண்களின் நிலை சராசரியைவிட மோசம்.

மாத்திரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாணவிகள் அதைத் தவறாமல் விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு, எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்றோடு எடுத்துக்கொண்டால் இரும்பு நன்றாக ஏறும். டீயும் காபியும் அதைத் தடுக்கும்; ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

அரசிடம் நாம் கேட்பதும் உண்டு. மாத்திரையை எண்ணிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாணவிக்கும் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, அந்த எண்ணை அவளிடமே சொல்லுங்கள். மாத்திரைக்குப் பிறகும் அளவு ஏறாவிட்டால் புழுவா, தொற்றா, பரம்பரை இரத்தக் கோளாறா என்று சோதியுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் முட்டையும் கறியும் பட்டியலில் உள்ளபடி தட்டுக்கு வருகின்றனவா என்று பாருங்கள். நம் மக்களும் அடுத்த கிராமசபையில் காலனிக்குத் தண்ணீருள்ள கழிப்பறையும் நல்ல குடிநீரும் கேட்டுத் தீர்மானம் எழுத வைக்க வேண்டும்.

மயங்கி விழுந்த பிள்ளையிடம் சாப்பிட்டாயா, மாத்திரை விழுங்கினாயா என்று கேட்கட்டும். உன் தெருவில் கழிப்பறை இருக்கிறதா, காலில் செருப்பு இருக்கிறதா, குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதா என்றும் சேர்த்தே கேட்கட்டும்.