மார்கழி மூச்சும் கெண்டி நீரும்

மார்கழி விடியலில் கோயில்களில் எழும் குரல்களைக் கூர்ந்து கேட்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். முதல் வாரத்தில் கணீரென்று ஒலித்த திருப்பாவையும் திருவெம்பாவையும் மூன்றாம் வாரத்தில் சற்றே கம்மத் தொடங்கும். பனி, ஈரம் உலராத தலை, பிராகாரத்தின் குளிர்ந்த கல்தரை, மூடிய சந்நிதிக்குள் சுழலும் கற்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் எல்லாம் சேர்ந்து மூக்கை அடைத்துவிடும். மூக்கு அடைபட்டால் முதலில் கெடுபவை மெல்லின எழுத்துகளே. 'மாதவா' என்று அழைத்தால் 'பாதவா' என்று ஒலிக்கும். 'நமசிவாய' என்பது 'தபசிவாய' ஆகிவிடும். இறைவனுக்கு இரண்டும் ஒன்றே. பாடுகிறவருக்கோ கன்னம் கனக்கிறது, புருவத்தின் மேல் குத்துகிறது, குனிந்து நமஸ்கரித்தால் தலைக்குள் ஏதோ உருண்டு முன்னே வருவது போல் இருக்கிறது.

இந்தத் துன்பத்தைச் சித்த மருத்துவம் பீனிசம் என்று வழங்குகிறது. இன்று வீடுகளில் புழங்கும் பெயர் சைனஸ். உண்மையில் சைனஸ் என்பது நோயின் பெயரன்று. முக எலும்புகளுக்குள் இயல்பாகவே அமைந்த காற்றறைகளின் பெயர். நெற்றியில் ஓர் இணை, கன்னங்களில் ஓர் இணை, கண்களுக்கு இடையில் ஓர் இணை, அவற்றுக்கும் பின்னே ஆழத்தில் ஓர் இணை என நான்கு இணைகள் உண்டு. இவை ஒவ்வொன்றும் சிறியதொரு வாசலால் நாசியோடு இணைந்துள்ளன. கன்னத்து அறையின் வாசல் அதன் அடியில் இல்லை, மேற்புறத்தில் இருக்கிறது. மதகு உச்சியில் வைக்கப்பட்ட குளத்தைப் போன்றது அது. நீர் தானாக வடியாது. உள்சுவரில் படர்ந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இரவும் பகலும் சளியை மேல்நோக்கித் தள்ளி வாசலுக்குக் கொண்டுவருகின்றன. தடிமன் பிடித்தோ, ஒவ்வாமையாலோ நாசியின் சவ்வு வீங்கினால் அந்தச் சிறு வாசல் மூடிக்கொள்கிறது; உள்ளே தேங்கியது கனக்கிறது.

மூக்கைத் தூய்மையாக வைத்திருப்பது நம் நித்திய கர்மங்களோடு பின்னிய செயல். ஆசமனத்தில் மும்முறை நீர் உட்கொண்டபின் பன்னிரு நாமங்களைச் சொல்லி அங்கங்களைத் தொடும்போது, 'விஷ்ணு', 'மதுசூதன' என்ற இரு நாமங்களும் மூக்கின் இருபுறத்துக்கும் உரியவை. அதன்பின் வருவது பிராணாயாமம். அடைத்த மூக்கோடு பிராணாயாமம் செய்ய அமர்ந்தவர்களுக்கு அந்த வரிசையின் அருமை நன்றாகவே புரியும்.

ஹட யோக நூல்கள் இதற்கென்றே ஒரு கிரியையை வகுத்துள்ளன. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை, தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்ற ஆறு சுத்திகளைக் கூறுகிறது. அதில் சொல்லப்படும் நேதி நூலால் செய்வது. ஒரு சாண் நீளமுள்ள வழவழப்பான நூலை மூக்கினுள் செலுத்தி வாய்வழியே எடுப்பது. நீரை நாசியால் ஏற்று வாயால் விடும் முறையைக் கேரண்ட சம்ஹிதை கபாலபாதியின் ஒரு வகையாகச் சொல்கிறது. இன்று யோக வகுப்புகளில் கற்பிக்கப்படும் ஜலநேதி இவற்றின் வழிவந்த எளிய வடிவம். கெண்டியின் மூக்கிலிருந்து நம் மூக்குக்கு நீர் விடுவது. முங்கேர் முதலிய இடங்களின் யோகப் பள்ளிகள் இதனைப் பரவச் செய்தன. பின்னர் மேலை நாட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் இதை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கலாயினர்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி ஹடயோகப் பிரதீபிகையிலேயே உள்ளது. உடலில் கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களே இந்த ஆறு கிரியைகளையும் முதலில் செய்ய வேண்டும். தோஷங்கள் சமநிலையில் உள்ள மற்றவர்களுக்கு அவை வேண்டியதில்லை என்கிறது அந்நூல். தொல்லை ஏதும் இல்லாதவர், பக்கத்து வீட்டார் செய்கிறார் என்பதற்காகத் தினமும் மூக்கில் நீர் விடத் தேவையில்லை என்று இதைப் பொருள் கொள்ளலாம்.

ஒரு வீட்டில் நடக்கக்கூடிய உரையாடலை எண்ணிப் பார்ப்போம். மார்கழி பஜனைக்கு நாற்பது ஆண்டுகளாகத் தவறாமல் செல்லும் தாத்தாவுக்கு மூக்கு முற்றும் அடைத்துவிட்டது. யோக வகுப்புக்குப் போகும் பேரன் ஒரு நேதிக் கெண்டியை வாங்கி வந்து நீட்டுகிறான். தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் விடுவதற்குக் குழாய்த் தண்ணீர் எதற்குடா? பூஜை அறையில் கங்கா தீர்த்தம் இருக்கிறதே. அதைவிடச் சுத்தமான ஜலம் உலகத்தில் உண்டா?" என்கிறார்.

பேரன் என்ன சொல்வதென்று தயங்குகிறான். "வேண்டாம் தாத்தா" என்றால் தீர்த்தத்தைப் பழித்ததாகிவிடும். பாட்டிதான் அடுக்களையிலிருந்து வந்து முடிவு சொல்கிறாள். "அந்தச் சொம்பை அடைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் வாயில் இரண்டு சொட்டு விடுவதற்கென்று காசியிலிருந்து சுமந்து வந்தது. உங்கள் ஜலதோஷத்துக்காக அதை உடைக்க வேண்டாம். வெந்நீர் போடுகிறேன், அதில் செய்யுங்கள்."

பாட்டி வேறு காரணத்துக்காகச் சொன்னாள் எனினும் அவள் சொன்னதே மருத்துவத்துக்கும் பொருந்தும். கங்கையானாலும், ராமேசுவரத்தின் இருபத்திரண்டு தீர்த்தங்களானாலும், ஊர்க் கோயில் திருக்குளமானாலும், கிணறானாலும், அந்த நீரை மூக்கினுள் செலுத்தலாகாது. மாநகராட்சிக் குழாய் நீருக்கும் இதுவே விதி. தீர்த்தத்தைப் புரோட்சிப்பதும் சிரசில் தெளிப்பதும் ஆகமமும் ஆசாரமும் சொன்ன வழிகள். மூக்கில் ஊற்றுமாறு எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. புண்ணிய நதியில் மூழ்கும்போதுகூட முன்னோர் விரல்களால் மூக்கையும் காதையும் அடைத்துக்கொண்டே மூழ்கினர். இன்றும் காவிரிப் படித்துறைகளில் முதியவர்கள் அப்படி மூழ்குவதைக் காணலாம்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபௌலரி என்னும் அமீபா வாழக்கூடும். அந்த நீரைக் குடித்தால் ஒன்றும் நேராது. மூக்கின் மேற்பகுதிக்குள் நீர் ஏறினால் மட்டும் அந்த உயிரி மணத்தை அறியும் நரம்பின் வழியே மூளைக்குச் சென்றுவிடுகிறது. அதன்பின் பிழைப்போர் மிகச் சிலரே. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர் வீட்டுக் குழாய் நீரைக் கெண்டியில் ஊற்றி நாசியைக் கழுவியதால் இவ்விதம் இறந்தனர். 2024-இல் கேரளத்தில் குளங்களில் குளித்த சிறுவர்கள் இந்நோய்க்குப் பலியானதை நாளேடுகளில் பலரும் படித்திருப்பர். இது மிக அரிதான நோய்தான். கோடிக்கணக்கானோர் குளங்களில் நீராடி நலமாகவே வீடு திரும்புகின்றனர். ஆயினும் ஐந்து நிமிடம் அடுப்பைப் பற்றவைத்தால் முழுதும் விலகிவிடும் ஆபத்தை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

ஆகவே நீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, அதன்பின் மூன்று முதல் ஐந்து நிமிடம் அடுப்பிலேயே வைத்திருந்து, மூடி ஆறவிட வேண்டும். வெறுமனே சூடாக்கி இறக்குவது போதாது. வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியில் வரும் நீரானாலும் கொதிக்க வைப்பதே நன்று. கொதித்த நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிடலாம். மிஞ்சியதைச் செடிக்கு ஊற்றிவிடலாம். விரலை விட்டுப் பதம் பார்க்காமல், புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடோ குளிரோ தெரியாத நிலை வரவேண்டும்.

அடுத்தது உப்பு. உப்பில்லாத நீர் மூக்கில் ஏறினால் எரிச்சல் கண்ணீரை வரவழைத்துவிடும். குளத்தில் முங்கியபோது மூக்கில் நீர் புகுந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். நம் இரத்தத்தில் உள்ள உப்பின் அளவுக்கு நிகராக நீரிலும் உப்பு இருந்தால் சவ்வுக்கு அது அயலாகத் தோன்றுவதில்லை. அந்த அளவு ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம். அரை லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே குறைந்த தூளுப்பு என்று கொள்ளலாம். அயோடின் சேர்க்காத உப்பே ஏற்றது, இந்துப்பும் ஆகும். கல்லுப்பானால் பொடித்து அளந்து, நீரைக் கொதிக்க வைக்கும்போதே கரைத்துத் தெளிய வைத்து வடித்துக்கொள்ள வேண்டும். அப்போதும் எரிவதாக உணர்வோர் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். தைலம், கற்பூரம், துளசிச் சாறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலப்பது தீங்கு. மூக்கின் சவ்வு மிக மெல்லியது.

கெண்டியைப் பற்றியும் ஒரு சொல். பூஜைப் பாத்திரங்களில் பழகிய கை இயல்பாகவே செம்பையும் பித்தளையையும் நாடும். உப்பு நீர் நின்றால் அவற்றில் களிம்பு ஏறும். பீங்கானோ கண்ணாடியோ நல்ல பிளாஸ்டிக்கோ போதும். ஒருவர் கெண்டியை மற்றவர் பயன்படுத்தலாகாது, கணவன் மனைவியாயினும். பயன்படுத்தியபின் கொதித்தாறிய நீரால் அலசி, கவிழ்த்து, நன்றாக உலரவிட வேண்டும்.

செய்முறை எளிது. முதல் நாள்தான் அச்சமாக இருக்கும். கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து, முகத்தை ஒருபுறம் திருப்பி, ஒரு நாசி மேலும் மற்றது கீழும் இருக்குமாறு வைத்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட வேண்டும். கெண்டியின் நுனியை மேல் நாசியில் பொருத்திச் சாய்த்தால், சில நொடிகளில் நீர் கீழ் நாசி வழியே தானாக ஒழுகும். உறிஞ்சக் கூடாது, விழுங்கக் கூடாது, இடையில் பேசவே கூடாது. தொண்டைக்கு இறங்கினால் துப்பிவிட்டு நெற்றியைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளலாம். கெண்டியில் பாதி இப்புறம், பாதி மறுபுறம். முடிந்ததும் குனிந்தபடியே எஞ்சிய நீரை வடியவிட்டு, மென்மையாகச் சிந்த வேண்டும். இரு துளைகளையும் இறுக்கிப் பிடித்துப் பலமாகச் சிந்தினால் நீரும் சளியும் காதுக்குள் ஏறிவிடும். யோக சாலைகளில் இதன்பின் கபாலபாதி செய்விக்கிறார்களே என்பார்கள். ஆசிரியர் அருகில் இருந்தால் செய்யலாம், தனியே பழகுவோர் வேகம் காட்ட வேண்டாம்.

நீர் காற்றறைகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் அலசிவிடும் என்று எண்ணுவது மிகை. அது நாசியின் பாதையைக் கழுவுகிறது. வாசல்களைச் சுற்றிப் படிந்த கெட்டிச் சளியையும், தூசியையும், புகைத் துகளையும் அகற்றுகிறது. வாசல் திறந்தால் அறைகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். மருத்துவர் மூக்கில் பீய்ச்சும் மருந்து கொடுத்திருந்தால், நேதி முடிந்தபின் அதைப் பயன்படுத்துவதே சரி. முதலில் மருந்தை அடித்துவிட்டு நீர் விட்டால் மருந்தும் தொட்டியில் போய்விடும். அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்துகளைக் கடையில் தாமாகவே வாங்கி வாரக்கணக்கில் போடுவோர் உண்டு. நாள் செல்லச் செல்ல அம்மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். மஞ்சள் கொம்பைத் தீபத்தில் சுட்டுப் புகையை உறிஞ்சுவதைப் பல பாட்டிமார் சொல்வார்கள். புகையால் வந்த அடைப்புக்கு மீண்டும் புகையா என்று அன்போடு கேட்டுவிடலாம்.

காதில் சீழோ வலியோ உள்ளவர், அண்மையில் மூக்கிலோ காதிலோ அறுவை செய்துகொண்டவர், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருபவர், ஒரு துளைகூடத் திறவாமல் முற்றும் அடைபட்டவர், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர் ஆகியோரும், சிறு குழந்தைகளும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. பத்து நாட்களுக்கு மேல் அடைப்பு நீடித்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கடும் சுரம் வந்தாலோ கெண்டியை வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளத்தில் நீராடிய சில நாட்களுக்குள் கடும் தலைவலியும் சுரமும் வாந்தியும் கழுத்து விறைப்பும் கண்டால் ஒரு வேளைகூடத் தாமதிக்கலாகாது. மூக்கில் நீர் ஏறிய செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

பஜனைக்குச் செல்வோருக்கு நேரம் முக்கியம். செருப்பை மாட்டும் வேளையில் அவசரமாக நேதி செய்துவிட்டுப் பனியில் இறங்குவது நல்லதன்று. இரவே நீரைக் கொதிக்க வைத்து மூடி வைத்துக்கொண்டு, காலையில் தேவையான இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து, புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடலாம். எத்தனை வடித்தாலும் எங்கோ ஒரு மடிப்பில் ஒரு மிடறு நீர் ஒளிந்திருக்கும். சந்நிதியில் தீபாராதனை முடிந்து தாத்தா சாஷ்டாங்கமாக விழும்போது அது சொட்டென்று கல்தரையில் விழக்கூடும். அதற்கென மேல்துண்டின் நுனியை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்வது நலம்.